கடுக்காயும் கோலி சோடாவும்

ஜவ்வாது மலைக்குப் போனவர்கள் சாமை அரிசியும் தேனும் வாங்கிவருவார்கள். நான் ஒருமுறை கடுக்காய் வாங்கிவந்தேன். வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்ததும் நாக்கு, ஈறு, உள்கன்னம் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கி, வாய்க்குள் யாரோ பொடி மணலைத் தூவியதுபோல் ஆயிற்று. அந்தத் துவர்ப்பு ஒரு சுவை மட்டுமன்று. நம் எச்சிலில் வழுவழுப்பாக மிதக்கும் புரதங்களைக் கடுக்காயிலுள்ள டானின் என்ற பொருள் பிடித்துக் கட்டிப்போடுகிறது. வழுவழுப்பு போய் வாய் சொரசொரக்கிறது. கடுக்காய் கடித்தவர் வாய்க்குள் சில நொடிகள் தோல் பதனிடும் தொட்டி ஒன்று ஓடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இதை உவமைக்காகச் சொல்லவில்லை. மலையின் வடமேற்கே கீழே இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர், இன்னும் சற்றுத் தள்ளிப் பேரணாம்பட்டு. எல்லாம் தோல் ஊர்கள். குரோமிய உப்பு வந்து சேர்வதற்கு முன்பு இந்த ஊர்களின் தொட்டிகளில் ஊறியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். உரித்த தோல் இரண்டு நாளில் அழுகும். அதையே துவர்ப்பு நீரில் ஊறவைத்துவிட்டால் தலைமுறை தாண்டி நிற்கும். அழுகும் பொருளை அழுகாத பொருளாக மாற்றும் இதே வேலையை 1960களில் பாரிஸில் ஒரு மருத்துவர் பன்றியின் இதய வால்வுக்குச் செய்தார். இன்று உலகெங்கும் லட்சக்கணக்கான இதயங்களுக்குள் பதனிட்ட தோல் ஒன்று திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோலுக்கும் அதன் போட்டியாளரான உலோகத்துக்கும் இடையில் யாருக்கு எது என்று தேர்வதுதான் இந்தக் கட்டுரையின் சங்கதி.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வால்வு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குழாயின் அடியில் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் ஃபுட் வால்வு நீரை மேலே விடும், கீழே விடாது. அதன் வாஷர் தேய்ந்துவிட்டால் மோட்டார் நன்றாகச் சுற்றும், தண்ணீர் மட்டும் வராது. இதயத்தில் அப்படி நான்கு கதவுகள். இடப்பக்கத்து இரண்டும்தான் அதிகம் உழைப்பவை. நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தைக் கீழறைக்குள் விடுவது மைட்ரல் வால்வு. கீழறையிலிருந்து உடம்புக்கு அனுப்புவது பெருந்தமனி வால்வு. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஒரு நாளில் 1,03,680 முறை, ஓர் ஆண்டில் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை இவை திறந்து மூடுகின்றன. இதழ்களின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எண்ணெய் விட ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை.

இந்தக் கதவுகள் கெடுவதற்குப் பணக்கார நாடுகளில் முதுமை முதல் காரணம். நம் ஊரில் இன்னும் தொண்டை வலி.

இது விளையாட்டான பேச்சு அல்ல. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி குடியேறுகிறது. தொண்டை வலி தானாகவே சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது தணிந்ததும் கணுக்கால் வீங்கும். காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் படை, கிருமியின் சாயலில் இருக்கும் சொந்த இதயத் திசுவையும் எதிரி என்று அடிக்கத் தொடங்கியிருக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. மூட்டு வீக்கம் தடமில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில், மருத்துவமனை தொலைவாக இருக்கும் ஊர்களில், இந்தக் கிருமி சுலபமாகச் சுற்றிவரும். பத்து வயதில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இருபது வயதில், தலையில் சுள்ளிக் கட்டோடு மேடேறும்போது மூச்சு வாங்கும். ‘வால்வு சுருங்கியிருக்கு’ என்று அப்போதுதான் தெரியவரும்.

மலையின் வடக்கு விளிம்பில் நின்றால் வேலூர்ச் சமவெளி விரியும். இந்தத் தழும்பின் வரலாற்றில் அந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1983-ல் ‘சர்குலேஷன்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ச்சியாக 3,724 பேருக்கு அங்கே சுருங்கிய மைட்ரல் வால்வைத் திறந்துவிட்ட கணக்கு அது. இதயத்தை நிறுத்தாமல், துடித்துக்கொண்டிருக்கும்போதே மேலறையில் சிறு துளையிட்டு, விரலை உள்ளே விட்டு வால்வைத் தடவிப் பார்த்து, ஒட்டிக்கொண்ட இதழ்களைப் பிரித்துவிடும் அறுவை அது. கண்ணால் பார்க்க வழியில்லை, எல்லாம் விரலின் அறிவு. பிற்காலத்தில் தொடைச் சிரை வழியாகப் பலூனை அனுப்பிப் பிரிக்கும் முறை வந்து, விரலின் வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் இதழ்கள் சுண்ணாம்பேறிக் கல்லாகிவிட்டாலோ, கிழிந்து கசிய ஆரம்பித்துவிட்டாலோ விரலும் உதவாது, பலூனும் உதவாது. பழுதைப் பார்த்துத் தைக்க முடிந்தால் தைப்பார்கள். இல்லையென்றால் கதவையே மாற்ற வேண்டும்.

மாற்றுக் கதவு எப்படியிருக்க வேண்டும்? முதலில் வெற்றிபெற்ற வடிவத்தை நம் பெட்டிக்கடைகள் நன்றாக அறியும். கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளேயிருக்கும் வாயு கோலியை வளையத்தோடு அழுத்தி வாயை அடைக்கிறது. வெளியேயிருந்து விரலால் அழுத்தினால் கோலி உள்ளே விழுந்து வழி திறக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் 1960-ல் இதயத்துக்குள் வைத்தது ஏறக்குறைய இதைத்தான். கோலிக்குப் பதில் சிலிக்கோன் ரப்பர் பந்து, அது ஓடிவிடாமல் தடுக்க உலோகக் கூண்டு, சுற்றிலும் தைப்பதற்குத் துணி வளையம். கீழறை சுருங்கும்போது அழுத்தம் பந்தை வளையத்தோடு சேர்த்து அடைக்கும். விரியும்போது பந்து கூண்டுக்குள் இறங்கி வழி விடும்.

எட்வர்ட்ஸ் ஸ்டாரைத் தேடி வந்ததே ஒரு முழுச் செயற்கை இதயம் செய்யலாம் என்றுதான். முதலில் ஒரு வால்வு செய்து பார்ப்போம் என்று ஸ்டார் திருப்பிவிட்டார். முதல் நோயாளி பிழைக்கவில்லை. அடுத்தவர் பத்தாண்டுபோல வாழ்ந்து, ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பந்துக்குக் குறை இருந்தது. ரத்தம் நேராகப் போக முடியாது. ஓடையின் நடுவே கிடக்கும் உருண்டைப் பாறையைச் சுற்றிப் போவதுபோல் போக வேண்டும். சுற்றிப் போகுமிடத்தில் சுழல், சுழலில் தேக்கம், தேங்கிய ரத்தம் உறையும். கூண்டும் உயரமானது. சிறிய இதயத்தில் சுவரை இடிக்கும். ஆகவே பந்தைத் தட்டையாக்கினார்கள். காசு மாதிரி ஒரு வட்டத்தட்டு, வளையத்துக்குள் சாய்ந்து திறந்து, மறுபடி படிந்து மூடும். ஸ்வீடனின் பியோர்க் பெயரும் அமெரிக்காவின் ஷைலி நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த சாய்தட்டு வால்வு 1969-ல் வந்து உலகம் சுற்றியது. பத்தாண்டு கழித்து, தட்டு இன்னும் அகலத் திறக்கட்டும் என்று அதன் வடிவத்தை மாற்றினார்கள். தட்டைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று வளையத்தோடு பற்றவைக்கப்பட்டது. அந்தப் பற்றவைப்பில்தான் விதி உட்கார்ந்திருந்தது. 1986-ல் திரும்பப் பெறும் வரை சுமார் 86,000 பேருக்கு அந்த வடிவம் பொருத்தப்பட்டிருந்தது. 600-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கம்பி முறிந்து தட்டு பறந்தது. கதவு பெயர்ந்துபோன வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்.

அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு குழு அதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

இறக்குமதி வால்வின் விலை அன்றைய இந்திய நோயாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை நடத்திய எம்.எஸ். வலியத்தான் ஓர் அறுவை மருத்துவர். வால்வை நாமே செய்வோம் என்று அவர் 1970களில் தொடங்கினார். பூஜப்புரையில் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் கால்நடை மருத்துவர்களும் கூடினார்கள். பொறியியலை முன்னின்று நடத்தியவர் ஜி.எஸ். புவனேஷ்வர். அரண்மனைக் கூடத்தில் கடைசல் இயந்திரம் ஓடியது என்பதை நினைத்தாலே எனக்குப் பிடிக்கிறது.

சாய்தட்டுதான் அவர்கள் எடுத்த வடிவம். எதனால் செய்வது என்பதுதான் கேள்வி. தேயக்கூடாது என்றால் கடினமான பொருள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. செயற்கையாக வளர்த்த நீலக்கல்லில் தட்டு செய்தார்கள். ஆமாம், மோதிரத்தில் வைக்கும் நீலம்தான். தட்டு தேயவில்லை. தட்டு உரசிய டைட்டானியம் கூண்டு தேய்ந்தது. ஒரு கடினம் மற்றொன்றைத் தின்றுவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒரே பிடிவாதக்காரர்களாக வாய்த்த வீடு மாதிரி. வடிவத்தை மாற்றினார்கள், பொருளை மாற்றினார்கள். மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. ஒவ்வொரு முறையும் சோதனைக்கூடத்து இயந்திரம், பிறகு ஆடுகள், பிறகு ஏமாற்றம், பிறகு மறுபடி வரைபடம்.

நான்காவது மாதிரி நேர் எதிர்த் திசையில் போயிற்று. கல்லை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக். செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்குப் பயன்படும், மூலக்கூறுகள் மிக நீண்ட பாலிஎத்திலீன். அது தானும் மெதுவாகத்தான் தேயும், எதிராளியையும் தேய்க்காது. கூண்டுக்கு ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட் குரோமியக் கலவை. ஜெட் இயந்திரங்களில் வெப்பம் தாங்க வைப்பது. அந்தக் கூண்டை ஒரே உலோகக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்தார்கள். பற்றவைப்பே கிடையாது. பியோர்க்-ஷைலியின் கம்பி எங்கே முறிந்ததோ அந்த இடமே இந்த வால்வில் இல்லை. தட்டு எங்கும் பிணைக்கப்படவில்லை. திறந்து மூடும்போதே மெல்லச் சுழன்றுகொண்டும் இருக்கும். அதனால் ஒரே இடம் தேயாமல் தேய்மானம் விளிம்பு முழுக்கப் பங்கிடப்படும். மாட்டு வண்டிக்காரர் பட்டையை மாற்றிப் போடுவது போன்ற தந்திரம், ஆனால் தானாகவே நடக்கிறது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. டி.டி.கே. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குள் போயிருக்கிறது. இறக்குமதி வால்வின் விலையில் ஒரு பங்குக்கே கிடைத்ததால் பல அரசு மருத்துவமனைகளில் ‘வால்வு’ என்றாலே அதுதான். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

சாய்தட்டுக்கு அடுத்து வந்தது இரட்டைக் கதவு. நம் பழைய வீட்டு வாசலில் இருப்பதுபோல இரண்டு அரைவட்ட இதழ்கள் நடுவில் சேர்ந்து மூடும், திறந்தால் இரண்டும் ஓரமாக நிற்கும். செயிண்ட் ஜூட் நிறுவனத்தின் இந்த வால்வு 1977-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்று உலகில் வைக்கப்படும் உலோக வால்வுகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். உலோகம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அதன் இதழ்களுக்கு மேல்பூச்சு ஒருவகைக் கார்பன். அணு உலைகளின் எரிபொருள் மணிகளுக்குப் பூசுவதற்காக வளர்த்த பொருள் அது. ரத்தத்தோடு அதிகம் சண்டைபோடாது என்பதை ஜாக் போக்ரோஸ் என்ற விஞ்ஞானியும் மருத்துவர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். இரவில் ஊரடங்கிய பிறகு இந்த வால்வுக்காரர்களின் பக்கத்தில் படுத்தால் கைக்கடிகாரம்போல் டிக் டிக் என்று கேட்கும். காவலூரில் வானியலாளர்கள் தொலைநோக்கி வைக்கத் தேர்ந்தெடுத்த அளவுக்கு இருட்டும் அமைதியும் உள்ள மலை இது. இங்கே அந்தச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். சித்ராவின் பிளாஸ்டிக் தட்டு அவ்வளவு பேசாது.

இனி தோலுக்கு வருவோம்.

தோலும் வால்வின் இதழும் அடிப்படையில் ஒரே நூலால் நெய்தவை. அந்த நூலின் பெயர் கொலாஜன். அது எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னது சென்னை. மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, கொலாஜன் மூன்று புரிகள் சேர்ந்த ஒரு முறுக்கு என்று காட்டியது. எக்ஸ்ரே படம் எடுப்பதற்கு அவர்களுக்குச் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். தோல் ஊர்களுக்காகத் தொடங்கிய நிலையம், உயிரியலின் ஓர் அடிப்படை விடைக்கு மூலப்பொருள் கொடுத்தது. கிணற்றுக் கயிறு திரிப்பவருக்கு இந்த விடை ஆச்சரியம் தராது. மூன்று புரி போட்டால்தான் கயிறு தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

பதனிடுதல் என்பது இந்தக் கயிறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டு போடுவது. குறுக்குக் கட்டு விழுந்துவிட்டால் நீர் புகுந்து பிரிக்க முடியாது, கிருமி புகுந்து தின்ன முடியாது. கடுக்காயின் டானின் அதைச் செய்யும். குரோமியம் செய்யும். குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளும் செய்யும். இதுவும் தோல் தொழிலில் இருந்ததுதான். பாரிஸின் அலென் கார்பாந்தியே 1965-ல் பன்றி வால்வுகளை மனிதருக்கு வைத்துப் பார்த்தார். அன்றைய பாதுகாப்பு முறையில் அவை சில ஆண்டுகளில் சிதைந்தன. சிதைவைத் தடுக்க வேதியியல் படித்துவிட்டு, 1960களின் இறுதியில் குளூட்டரால்டிஹைடைக் கையில் எடுத்தார். குறுக்குக் கட்டு விழுந்தது. அதோடு, மற்றொரு உயிரின் திசு என்று நம் உடம்பு அடையாளம் கண்டு எதிர்ப்பதும் பெருமளவு அடங்கியது. 1970களில் இன்னொரு வழியும் வந்தது. வால்வையே எடுக்காமல், மாட்டின் இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறையை வெட்டி, பதனிட்டு, சட்டை தைப்பதுபோல மூன்று இதழாகத் தைப்பது. பன்றியா மாடா என்பது நம் நாட்டில் வெறும் மருத்துவக் கேள்வியில்லை. அறுவைக்கு முன்பே நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிச் சம்மதம் கேட்பதுதான் மரியாதை.

திசு வால்வு சத்தம் போடாது. ரத்தம் நடுவழியாக, இயற்கை வால்வில் போவதுபோலவே போகும். வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்ன வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு முதல் சில மாதம் போதும். அப்படியானால் எல்லோருக்கும் அதையே வைத்துவிடலாமே? அங்கேதான் தோல் தொழிலாளிக்குத் தெரியாத ஒரு தொல்லை முளைக்கிறது. செருப்புக்குள் கால்சியம் பாய்வதில்லை, ரத்தத்துக்குள் பாய்கிறது. பதனிட்டபோது செத்த செல்களின் மிச்சங்களும், கட்டுப்போடாமல் எஞ்சிய வேதிக் கைகளும் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதழ் மெல்லமெல்லச் சுண்ணாம்பாகிறது, விறைக்கிறது, ஒருநாள் கிழிகிறது. முதியவர்களுக்கு இது மெதுவாக நடக்கும். எழுபது வயதில் வைத்த வால்வு பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஓடிவிடும். இருபது வயதுக்காரரின் உடம்பில் கால்சியம் வேகமாகப் புழங்குகிறது, எதிர்ப்புச் சக்தியும் துடிப்பானது. பத்தாண்டுகூடத் தாங்காமல் போகலாம். பிறகு மறுபடியும் மார்பைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டிக் கிடக்கும் திசுக்களைப் பிரித்துக்கொண்டு போகும் இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமானது. சுண்ணாம்பைத் தள்ளிப்போட ஆய்வுக்கூடங்களில் முயலும் பொருள்களில் டானின் குடும்பத்து மூலக்கூறுகளும் உண்டு என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கடுக்காய் இன்னும் ஓய்வுபெறவில்லை.

உலக அளவில் வால்வுகளைத் தேய்த்துப் பார்க்கும் தர விதியிலேயே இந்த வித்தியாசம் எழுதப்பட்டிருக்கிறது. உலோக வகையை இயந்திரத்தில் வேகமாக 40 கோடி முறை திறந்து மூட வேண்டும். அது ஏறக்குறையப் பத்தாண்டு இதயத் துடிப்பு. திசு வகைக்கு 20 கோடி போதும்.

உலோகம் நீடிக்கும். அதற்கு அது கேட்கும் வாடகைதான் மாத்திரை. எவ்வளவு மழுமழுப்பாக இருந்தாலும் ரத்தம் அதை அந்நியன் என்று அறியும், அதன் மேல் உறையப் பார்க்கும். உறைந்த துணுக்கு ஒன்று கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். தட்டுக்கு அடியில் சிக்கினால் கதவே திறக்காது. ஆகவே அசிட்ரோம் அல்லது வார்ஃபரின், ஒருநாள் விடாமல், சாகும் வரை. இதில் வார்ஃபரினின் பிறப்பு வேடிக்கையானது. அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனப்புல் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் அந்தப் புல்லிலிருந்து காரணத்தைப் பிரித்தார். அதன் உறவுப்பொருள் 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1950களில் மனித மருந்தாயிற்று. எலி மருந்து என்று கேள்விப்பட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அளவுதான் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கிறது.

அந்த அளவைப் பிடிப்பதுதான் பாடு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் அளக்கிறார்கள். சாதாரணமாக அது 1. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் பல் ஈறிலிருந்து மூளை வரை எங்கு வேண்டுமானாலும் கசியும். இந்த மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் செயல்படுகிறது. அந்த வைட்டமின் எதில் அதிகம்? முருங்கைக்கீரையில், பொன்னாங்கண்ணியில், மழை பெய்த மறுவாரம் கொல்லையில் முளைக்கும் எல்லாப் பச்சையிலும். கீரைக் காலத்தில் எண் இறங்கும். கீரை கிடைக்காத கோடையில் எண் ஏறும். கீரையே தின்னாதே என்று சொல்வது தவறான அறிவுரை. தின்பதை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகத் தின்னச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரை, மூட்டு வலிக்கு வாங்கும் மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம் எல்லாமே அந்த எண்ணை அசைக்கும். ஆகவே மாதம் ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டும்.

மலைக்கிராமத்திலிருந்து ரத்தம் பார்க்க இறங்குவது என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அந்த மாதமே போயிற்று. மருத்துவப் புத்தகங்கள் ஐம்பது வயதுக்குக் கீழே உலோகம், அறுபத்தைந்து எழுபதுக்கு மேலே திசு, இடையில் பேசி முடிவுசெய்யுங்கள் என்று ஏறக்குறைய வரையறுக்கின்றன. அந்தப் புத்தகங்களில் பேருந்து அட்டவணை இல்லை. புதிதாக வந்த, ரத்தப் பரிசோதனை தேவைப்படாத உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இந்தப் பாட்டைத் தீர்க்கும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2013-ல் முடிவு வெளியானது. உறைவும் கூடியது, கசிவும் கூடியது. பழைய எலி மருந்தை வெல்ல இன்னும் ஆள் வரவில்லை.

இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகி, குழந்தைக்கு ஆசைப்படும் ஒரு பெண்ணுக்கு மைட்ரல் வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். மேலே சொன்ன எல்லாத் தராசும் இங்கே தடுமாறும். உலோகம் வைத்தால் வார்ஃபரின். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எலும்பும் குருத்தெலும்பும் உருவாகும் நேரத்தில் கெடுதல் செய்யக்கூடும். அந்த வாரங்களில் மட்டும் ஹெப்பாரின் ஊசிக்கு மாறலாம், ஆனால் வால்வில் உறைவு ஏற்படும் அபாயம் கூடும். திசு வைத்தால் பிள்ளைப்பேறு நிம்மதி, முப்பத்திரண்டு வயதில் மறுபடி அறுவை. சரியான விடை என்று ஒன்று இல்லை. அவளைக் கேட்காமல் எடுத்த விடை தவறானது என்பது மட்டும் நிச்சயம். அறுவைக் கூடத்தின் வாசலில், கையெழுத்துப் போடும் மாமனாரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை இது.

மூன்றாவது வழி ஒன்று வந்திருக்கிறது. மார்பைத் திறக்காமலே, மடித்த திசு வால்வைத் தொடை ரத்தக் குழாய் வழியாக அனுப்பிப் பெருந்தமனி வாசலில் விரிய வைப்பது. பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே 2002 ஏப்ரலில் முதலில் செய்தார். குஜராத்தின் வாபியில் தயாராகும் மைவால் என்ற இவ்வகை வால்வு 2018 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. முதியவர்களுக்கு வரம்தான். ஆனால் அதன் வாசல் பெரும்பாலும் பெருந்தமனி, அதன் ஆள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர். ருமாட்டிக் தழும்பு விழுந்த மைட்ரல் வால்வோடு வரும் மலைக்கிராமத்து இளைஞருக்கு இது இன்னும் தூரத்து வெளிச்சம். விலையும் அப்படியே.

இத்தனை கதவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மலையில் இளம் வயதினருக்கு உலோகமா திசுவா என்ற சண்டையில் வெல்ல வேண்டியது இரண்டுமில்லை, அவரவர் பிறந்த வால்வுதான். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் விடாமல். ‘21 நாள் ஊசி’ என்று மருத்துவமனைகளில் சொல்லும் அந்த ஊசி வலிக்கும், பிள்ளை அழும், ஆனால் அடுத்த தொண்டை வலி வால்வைக் கடிக்காமல் காக்கும். எந்த வால்வின் விலையோடும் ஒப்பிட முடியாத அளவுக்கு மலிவு. ஏற்கெனவே உலோகம் வைத்தவர்களுக்கு வேண்டியது விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அங்கேயே ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவி. சர்க்கரை பார்க்கும் கருவி அளவுதான் இருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வால்வு மாற்று அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. கதவைப் போட்டுக் கொடுத்த அரசு, அதற்கு எண்ணெய் விடும் கருவியையும் மலையிலுள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வால்வு மாற்றியவர் இருந்தால் ஒன்று கேளுங்கள். வால்வின் பெயரும் அளவும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஓர் அட்டையை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். உலோகமானாலும் திசுவானாலும், பல் பிடுங்கப் போகும்போது ஈறிலிருந்து கிளம்பும் கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துவிடலாம். முன்கூட்டியே மருந்து கொடுத்தால் தடுக்கலாம். பல் மருத்துவருக்கு அதைச் சொல்வது அந்த அட்டைதான். அது பீரோவின் அடித்தட்டில் கிடக்க வேண்டாம். ரேஷன் கார்டோடு சேர்த்து, கைக்கு எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.